எண்ணிக்கொண்டு நின்ற காவல்காரன்

அலுவிகாரை, மாத்தளை
2025 ஜனவரி 14

அன்புத் தம்பி அன்ஸாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹாவில் நீயும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். எனக்கு முழங்கால் வலி மட்டும்தான். அது என்னை விட்டுப் போகிற வலியாகத் தெரியவில்லை. இங்கே மழை விடாமல் பெய்கிறது.

ராத்தா ஏன் குரல் பதிவு அனுப்பாமல் ஈமெயிலில் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. குடும்பக் குழுவில் ஒரு சொல் விழுந்தால் அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். இது ஊருக்குத் தெரியக் கூடாத விஷயம்.

நீ செய்து தந்த 'பைல் ராத்தா' கல்யாணத் தளத்தை இன்று காலை திறந்தேன். பிஸ்மில்லாஹ் இருந்த இடத்தில் துணியில்லாத ஒரு பொம்பளையின் படம். அதற்குக் கீழே என்னவோ பாஷையில் சூதாட்ட விளம்பரம். சீ! கையில் இருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன். எங்கள் பிள்ளைகளின் விபரம் இருக்கிற இடம் அது.

இருபத்திரண்டு வருஷமாக நான் கல்யாணம் பேசி வைக்கிறேன். பைல்கள் அலுமாரியில் இருந்தபோது சாவி என் இடுப்பில் இருந்தது. அப்படி இருந்தும் ஒருத்தி என் கண் தப்பிய நேரம் ஒரு பிள்ளையின் படிவத்தில் 'நோய்' என்ற காலிப் பெட்டியில் 'வலிப்பு' என்று எழுதிவிட்டுப் போனாளே, மறந்துவிட்டாயா? அந்தப் பிள்ளையைக் கரை சேர்க்க எனக்கு ஆறு வருஷம் எடுத்தது. அன்றிலிருந்துதான் காலியான பெட்டியில் எல்லாம் கோடு போடச் சொல்கிறேன். காகிதத்துக்கே அவ்வளவு காவல் போட்டவள் நான். இதற்கு என்ன காவல் என்று எனக்குச் சொல்.

உடனே பார். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் ராத்தா,
மஸூதா


தோஹா
2025 ஜனவரி 19

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கே எல்லோரும் நலம். முழங்காலுக்கு எண்ணெய் மட்டும் பூசிக்கொண்டு இருக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

அந்த அசிங்கத்தை எடுத்துவிட்டேன். அவர்கள் முன் பக்கத்தில்தான் விளையாடியிருக்கிறார்கள். பிள்ளைகளின் படங்களையும் போன் நம்பர்களையும் தொடவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

உங்களை யாரும் குறி வைத்து இதைச் செய்யவில்லை. இதற்கென்றே எழுதிய ரொபோக்கள் உலகத்தில் உள்ள எல்லாத் தளங்களையும் தட்டிப் பார்த்துக்கொண்டே திரிகின்றன. நமது தளத்தில் பெயர் தேடும் பெட்டியில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை நான்தான் ஒழுங்காக எழுதாமல் விட்டேன். அந்தப் பகுதியைத் திருப்பி எழுத வேண்டும், அதற்குக் கொஞ்சம் காலம் வேண்டும்.

அதுவரைக்கும் வாசலில் ஒரு ஃபயர்வோல் போட்டிருக்கிறேன். தளத்துக்கு வருகிற ஒவ்வொரு வேண்டுகோளையும் அது நிறுத்திப் பார்க்கும். எது களவு, எது நேர்மை என்று சொல்கிற விதிகளை நான் எழுதவில்லை. அதற்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. புதிது புதிதாக என்னென்ன களவு நடக்கிறதென்று பார்த்து, விதிகளை அவர்களே எழுதி, அவர்களே புதுப்பிப்பார்கள். நாம் அந்த விதிக்கட்டு முழுவதையும் வாங்கி வாசலில் மாட்டினால் போதும். காவல்காரனை நீங்கள் வைக்கிறீர்கள், யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்ற பட்டியல் மட்டும் வேறு இடத்திலிருந்து தினமும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நிம்மதியாக இருங்கள்.

துஆவுடன் தம்பி,
அன்ஸார்


அலுவிகாரை
2025 பெப்ரவரி 2

தம்பிக்கு,

ஸலாம். எல்லோரும் சுகமா என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் காவல்காரன் கள்ளனைப் பிடிக்கிறானோ தெரியாது, என் வீட்டுக்கு வந்த விருந்தாளியின் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறான்!

நாவுலயிலிருந்து கைறுன்னிஸா தன் மகள் நிப்லாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் மௌத்தாகி, பிள்ளை வாப்பா இல்லாமல் ஒன்பது வருஷம். நிப்லாவுக்கு இருபத்தாறு வயது. டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் போட்டோ கொப்பி, டைப்பிங் எல்லாம் செய்கிறாள். நல்ல அமைதியான பிள்ளை. நீலத் திரைக்கு முன்னால் நிற்க வைத்து நானே படம் எடுத்தேன். என் கொம்பியூட்டரில் தானே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். வாப்பாவின் தொழில் என்ற பெட்டிக்கு இரண்டு கோடு. மாப்பிள்ளையைப் பற்றிய எதிர்பார்ப்பு என்ற பெட்டி வந்ததும் அவள் யோசித்தாள். கைறுன்னிஸா முந்திக்கொண்டாள்: "கோட்டப் போடு மகள். எங்களுக்கு எனத்த எதிர்பார்ப்பு. வாறவங்க வந்தா போதும்." அவளும் கோடு போட்டு அனுப்பினாள்.

உடனே ஒரு வெள்ளைப் பக்கம். 403, அனுமதி இல்லையாம். மூன்று தரம் அனுப்பினாள், மூன்று தரமும் அதேதான். கைறுன்னிஸாவின் முகம் செத்துப் போயிற்று. "வாப்பா இல்லாத பிள்ளைக்கு இதுலயும் எடமில்லையா ராத்தா?" என்று கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

நிப்லா கொம்பியூட்டர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "மாமி, அந்தக் கோட்ட எடுத்துட்டு அனுப்பிப் பாப்பமா?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோடு என் சட்டம், அதில் கை வைக்காதே என்று சொன்னேன். பிள்ளை கையை எடுத்துக்கொண்டது.

இந்தக் கிழமை இது ஐந்தாவது. ஐந்தும் வாப்பா இல்லாத பிள்ளைகளும் தலாக் ஆன பிள்ளைகளும்தான். என்ன காவல் இது? அனாதைப் பிள்ளைகளை மோப்பம் பிடிக்கிற நாயா?

நோன்புக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கிறது. பெருநாள் கழிந்த கையோடு நிக்காஹ் வைக்க இப்போதுதான் பேசுவார்கள். நீ என்ன செய்வாயோ எனக்குத் தெரியாது. இன்றைக்கே அவனை வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொல். ஒருத்தரையும் தடுக்கக் கூடாது. ஒருத்தரையும்!

மஸூதா


தோஹா
2025 பெப்ரவரி 3

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கோபப்படாதீர்கள், உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது.

சரி செய்துவிட்டேன். இனி யாரையும் தடுக்காது. நிப்லாவை இன்னொரு தரம் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

காரணம் உங்கள் கோடுதான். பிள்ளைகள் கோடு போட இரண்டு சிறு கீற்றுகளை அடுத்தடுத்துத் தட்டுகிறார்கள். விபரங்கள் சேர்த்து வைக்கிற இடத்தின் பாஷையில் அதற்கு வேறு அர்த்தம். 'இதற்குப் பிறகு எழுதியிருப்பதைக் கவனிக்காதே' என்று அர்த்தம். கள்ளர்கள் பூட்டை ஏமாற்ற அதைத்தான் பாவிப்பார்கள். காகிதத்தில் காவலாக இருந்த கோடு இங்கே களவின் அடையாளம். ஒன்றிரண்டு கோட்டை அது பொறுக்கும், வாப்பா இல்லாத, தலாக் ஆன பிள்ளைகளின் படிவத்தில் கோடுகள் கூட, அதனால்தான் அவர்களே அகப்பட்டார்கள். நிப்லாதான் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறாள், கெட்டிக்காரி.

முடிந்தால் கோட்டுக்குப் பதிலாக 'இல்லை' என்று எழுதச் சொல்லுங்கள். நான் ஒருநாள் ஓய்வாக உட்கார்ந்து மீதியையும் நுணுக்கமாகப் பார்க்கிறேன்.

தம்பி,
அன்ஸார்


அலுவிகாரை
2025 ஏப்ரல் 5

அன்புத் தம்பிக்கு,

ஸலாமும் பெருநாள் வாழ்த்தும். நீ அனுப்பிய பேரீச்சம்பழம் வந்தது, பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தேன். இங்கே எல்லோரும் சுகம். உனக்குத்தான் வேலை கூடவென்று பிள்ளைகள் சொன்னார்கள். நேரத்துக்குச் சாப்பிடு.

நல்ல செய்தி ஒன்று. நிப்லாவுக்கு இடம் சரி வந்துவிட்டது! மாத்தளை டவுன் ஹமீமாவின் மகன் றிகாஸ். படிவம் ஏறி ஒரு மாசத்தில் அவர்களாகவே கேட்டு வந்தார்கள். நிக்காஹ் ஜூலையில். கைறுன்னிஸா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளை சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஹமீமா எல்லாவற்றையும் கிண்டிக் கிளறிப் பார்க்கிற ஆள். "இந்தப் படமெல்லாம் வெளிய போகாதா ராத்தா?" என்று கேட்டாள். நான் விடுவேனா? "என்ட தம்பி தோஹாவுல இருந்து காவல் போட்டிருக்கான். ஈ கூட நுழையாது" என்றேன். எதற்கும் நீ ஒரு சொல் எழுது, அவளுக்குக் காட்டுகிறேன்.

கோட்டை மட்டும் நான் விட மாட்டேன். 'இல்லை' என்று எழுதினால் பிள்ளைக்கு ஏதோ குறை இருக்கிற மாதிரித் தெரிகிறது.

உன் ராத்தா,
மஸூதா


அலுவிகாரை
2025 மே 20

அன்ஸார்,

ஏப்ரலில் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. வேலையென்று நினைத்தேன். இதற்குப் பதில் போடாமல் இருக்காதே.

நேற்று ஹமீமா ஒரு போனோடு வந்தாள். ஏதோ ஒரு சானலாம். பல்லாயிரம் பேர் பார்க்கிறார்களாம். அதில் எங்கள் பிள்ளைகள். அறுபத்தொரு பிள்ளைகள். பெயர், ஊர், வயது, போன் நம்பர், படம். என் வீட்டு நீலத் திரை, ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் என் வீட்டு நீலத் திரை! அதற்குக் கீழே அந்த நாய்கள் எழுதியிருந்ததை உனக்குத் திருப்பி எழுத என் விரல் வராது. பல்லுக்கடியில் புழு அகப்பட்ட மாதிரி இருக்கிறது.

ஒரு பிள்ளைக்குக் காலையிலிருந்து கண்ட கண்டவன் எல்லாம் கோல் எடுக்கிறான். இன்னொரு பிள்ளையின் கூடப்பிறந்த நானா அவளுடைய போனைச் சுவரில் அடித்திருக்கிறான். இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகள் செய்த பாவம் என்ன? என்னை நம்பி என் திரைக்கு முன்னால் வந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

உன் காவல்காரன் எங்கே போனான்? செத்துவிட்டானா?

மஸூதா


தோஹா
2025 ஜூன் 3

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்பு எப்படி? ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது, தனியாக இருக்காதீர்கள்.

செய்தி கண்ட அன்றே தளத்தை மூடிவிட்டேன். சானலை எடுக்கச் சொல்லி முறைப்பாடு கொடுத்து, ஒன்பது நாளில் எடுத்தும் விட்டார்கள். பொலிஸில் கொடுப்பதற்கு ஆவணங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

எப்படி நடந்தது என்று ஆராய்ந்து கொண்டிருக்கிறேன். எந்தப் பாதுகாப்பும் நூறு வீதம் என்று சொல்ல முடியாது. தாக்குதல்கள் நாளுக்கு நாள் மாறுகின்றன. பல காரணங்கள் இருக்கலாம். முழு விபரம் கிடைத்ததும் எழுதுகிறேன்.

துஆ செய்யுங்கள்.

அன்ஸார்


அலுவிகாரை
2025 ஜூன் 15

தம்பிக்கு,

ஸலாம். பெருநாள் வந்தது, போனது. நான் அறுத்துப் பங்கு வைத்த உழ்ஹிய்யா இறைச்சியைக் கண்ணால் பார்க்கவில்லை.

அறுபத்தொரு வீட்டுக்கும் நானே போகிறேன். இதுவரை நாற்பத்தெட்டு. எங்கள் கையால் களவு போயிற்று, உங்கள் பிள்ளை மீது குற்றமில்லை என்று சொல்கிறேன். சில வீட்டில் உட்காரக் கதிரை தந்தார்கள். சில வீட்டில் கதவு திறக்கவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

ஆனால் நாவுல விஷயம் வேறு மாதிரிப் போய்விட்டது. ஹமீமா என்ன சொல்கிறாள் என்று கேள். "ஈ கூட நுழையாதுன்னு நீங்கதானே ராத்தா சொன்னீங்க? அவ்வளவு காவல் உள்ள எடத்துல களவு எப்புடி நடக்கும்? உள்ளுக்க இருந்து யாரோ தெறந்து விட்டிருக்கணும். தளத்துக்குள்ள போற பாஸ்வேர்ட் அறுபத்தொரு பிள்ளைக்கிட்டயும் இருந்திச்சி. அதுல கொம்பியூட்டர் தெரிஞ்சது யாரு?"

நிப்லாவாம்! கொமினிகேஷனில் வேலை செய்கிறாளே, அதனால் அவள்தான் எல்லாப் பிள்ளைகளின் படத்தையும் யாருக்கோ கொடுத்தாளாம். அந்த வாயை என்ன சொல்வது. எழுதவே கை கூசுகிறது. இப்போது நாவுலயில் இதுதான் பேச்சு. கடைக்காரர் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மற்றப் பிள்ளைகளின் உம்மாமார் கைறுன்னிஸாவோடு பேசுவதில்லை. றிகாஸ் தன் உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டு இருக்கிறான், ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நான் போட்ட பெருமையே அந்தப் பிள்ளையின் கழுத்தில் கயிறாகிவிட்டது. காவல் இருந்தது என்றால் குற்றவாளி நிப்லா. அதனால் எனக்கு உண்மை வேண்டும், அன்ஸார். காவல் இருந்ததா, இல்லையா?

மஸூதா


தோஹா
2025 ஜூன் 29

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இரண்டு கிழமையாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதி அழித்தேன். நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை.

காவல் இருந்தது. ஆனால் தடுக்கவில்லை.

அந்த விதிக் கட்டுக்கு இரண்டு நிலை இருக்கிறது. ஒன்று 'தடு'. மற்றது 'எண்ணு'. 'எண்ணு' என்று வைத்தால் கள்ளன் வரும்போது விதி அவனை அடையாளம் காணும், எண்ணிக் குறித்து வைக்கும், ஆனால் உள்ளே போக விடும். நல்லவர்களைத் தவறாகப் பிடிக்கிறதா என்று பார்க்கச் சில நாட்களுக்கு மட்டும் அப்படி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். பிறகு எந்த விதி தவறு செய்கிறதோ அதை மட்டும் தளர்த்திவிட்டு, மற்றதையெல்லாம் 'தடு'வுக்குத் திருப்ப வேண்டும்.

பெப்ரவரியில் கோட்டைப் பிடித்த அந்த ஒரு விதியை, அந்தப் படிவத்துக்கு மட்டும் தளர்த்தியிருந்தால் போதும். பத்து நிமிஷ வேலை. நான் அவசரத்தில் விதிக்கட்டு முழுவதையும் 'எண்ணு'வுக்கு மாற்றினேன். பிறகு திருப்பவில்லை. தேடும் பெட்டியின் ஓட்டையையும் அடைக்கவில்லை. ஏப்ரலில் நீங்கள் காவலைப் பற்றி ஒரு சொல் எழுதச் சொன்னபோது எனக்கு இது நினைவுக்கு வந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதுதான் நான் பதில் போடாத காரணம்.

மே 9ஆம் திகதி ஒரே நாளில் 4,312 தடவை அந்தப் பெட்டி வழியாக வந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் இது களவு என்று சரியாகக் குறித்து வைத்திருக்கிறது. எந்தப் பிள்ளையின் பாஸ்வேர்டும் பாவிக்கப்படவில்லை. நிப்லாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இதை ஹமீமாவிடம் சொல்லுங்கள். ஆனால் என் பெயர் வேண்டாம் ராத்தா. நான் இங்கே சம்பளம் வாங்குவதே மற்றவர்களின் தளங்களை இப்படிக் காப்பதற்குத்தான். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று சொன்னால் போதுமே.

அன்ஸார்


அலுவிகாரை
2025 ஜூலை 6

அன்ஸாருக்கு,

எண்ணிக்கொண்டு நின்றானா? கள்ளன் ஒவ்வொருத்தனாக உள்ளே போகும்போது, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டா நின்றான்? தூ! குருட்டுக் காவல்காரன் என்றால்கூட மனசு ஆறியிருக்கும். இவனுக்குக் கண் இருந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது.

அவனை விடு, அவன் மெஷின். நீ? ஏப்ரலில் உனக்கு நினைவு வந்திருக்கிறது. களவு நடந்தது மே மாசம். அந்த ஒரு மாசமும் நீ என்ன செய்தாய்? நீயும் எண்ணிக்கொண்டுதானே இருந்தாய். உன்னைத் தூக்கி வளர்த்த கையால் இதை எழுதுகிறேன். எனக்கு உன்னை நினைக்கவே அருவருப்பாக இருக்கிறது.

'தொழில்நுட்பக் கோளாறு' என்றால் ஹமீமாவுக்கு விளங்குமா? "அப்ப அந்தக் கோளாற உண்டாக்கினது யாரு?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு நாவுலப் பக்கம் கையைக் காட்டுவாள். பெயரில்லாத குற்றம் யார் தலையிலாவது போய்த்தான் விழும். அது எப்போதும் வாப்பா இல்லாத பிள்ளையின் தலையாகத்தான் இருக்கும்.

இத்துடன் ஒரு தாள் இணைத்திருக்கிறேன். நடந்ததை நீ எழுதியபடியே எழுதியிருக்கிறேன். கடைசியில் 'காவலைத் தளர்த்தியவர்' என்று ஒரு பெட்டி. அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. காலியாக விடாதே. கோடும் போடாதே.

மஸூதா


தோஹா
2025 ஜூலை 12

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நிரப்பி அனுப்பியிருக்கிறேன். பெயர், தொழில், பாஸ்போர்ட் நம்பர், எல்லாம். காவல் குறித்து வைத்த பதிவேட்டின் பிரதியும் இருக்கிறது. யாருக்கும் காட்டுங்கள்.

என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

அன்ஸார்


அலுவிகாரை
2025 ஜூலை 27

என் தம்பி அன்ஸாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ எப்படி இருக்கிறாய்? உன் வேலை என்ன ஆனது? கேட்கிறேன், இந்த முறை மறைக்காமல் எழுது.

உன் தாளோடு சேர்த்துக் காட்டலாம் என்று நம்முடைய பழைய கடிதங்களையும் அச்செடுத்தேன். பெப்ரவரி இரண்டாம் திகதிக் கடிதத்தை வாசித்தேன். "ஒருத்தரையும் தடுக்கக் கூடாது. ஒருத்தரையும்!" என் எழுத்து. உன் ஜூன் கடிதத்தில் 'அவசரத்தில்' என்று ஒரு சொல் போட்டிருந்தாய். யாருடைய அவசரம் என்று நீ எழுதவில்லை. நான் தூ என்று துப்பியபோதுகூட நீ அதைச் சொல்லிக் காட்டவில்லை. கோட்டை எடுத்துப் பார்ப்போமா என்று கேட்ட பிள்ளையின் வாயையும் நான்தான் அடைத்தேன். அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. உன்னை நினைத்து வந்த அருவருப்பு இப்போது கண்ணாடியைப் பார்த்தால் வருகிறது.

தாளில் உன் பெயருக்கு மேலே இன்னொரு பெட்டி கீறினேன். 'காவலைத் தளர்த்தச் சொன்னவர்: மஸூதா.' கையெழுத்தும் போட்டேன்.

நேற்றுப் பின்னேரம் எல்லோரையும் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். ஹமீமா, றிகாஸ், கைறுன்னிஸா, நிப்லா. மற்ற உம்மாமார் பதினான்கு பேர். நானே நின்று வாசித்தேன், என் பெயரையும் உன் பெயரையும் சேர்த்து. 'எண்ணு' என்றால் என்னவென்றும் விளக்கினேன். பிறகு ஒரு உம்மா எழுந்து போய்க் கைறுன்னிஸாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு பேர் போனார்கள். மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மௌத்தாகும் வரை மறக்க மாட்டேன்.

ஹமீமா இருக்கிறாளே, அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரி ராத்தா, மனுசர் கை தவறுறதுதானே. பிள்ளைல குத்தமில்லன்னா எங்களுக்கு ஒண்ணுமில்ல. வாற மாசம் நிக்காஹ்வ வைப்பம்" என்றாள். ஒரு பிள்ளையை இரண்டு மாசம் சேற்றில் புரட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொள்கிற மாதிரிச் சொன்னாள். கைறுன்னிஸா அதற்கே அழுதுகொண்டு தலையாட்டினாள்.

அப்போது நிப்லா நேராக றிகாஸைப் பார்த்துக் கேட்டாள். "ரெண்டு மாசமா என்னப் பத்தி இவ்வளவு பேசினாங்க. அவ அப்படிச் செய்ய மாட்டான்னு நீங்க ஒரு நாளாச்சும் சொன்னீங்களா?"

அவன் நெளிந்தான். "உம்மா பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் எனத்தச் சொல்ல? எனக்குத் தெரியும்தான் நீங்க செய்யலன்னு. நான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

நிப்லா என் பக்கம் திரும்பினாள். "மாமி, இவரும் எண்ணிக்கிட்டுத்தான் நின்னிருக்காரு. எனக்கு வேணாம்."

கைறுன்னிஸா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஹமீமா என்னென்னவோ சத்தம் போட்டுக்கொண்டு மகனைக் கூட்டிக்கொண்டு போனாள். போகட்டும். நான் வாசல் வரைக்கும் போகவில்லை.

எல்லோரும் போன பிறகு நிப்லா என்னிடம் ஒரு காகிதப் படிவம் கேட்டாள். தளம் இல்லாததால் பழைய பைலைத்தான் திரும்ப எடுத்திருக்கிறேன், சாவியும் இடுப்பில்தான். மேசையில் உட்கார்ந்து நிரப்பினாள். வாப்பாவின் தொழிலுக்குக் கோடு போட்டாள். எதிர்பார்ப்பு என்ற பெட்டிக்கு வந்ததும் அவளுடைய உம்மா "கோட்டப் போடு மகள்" என்று பழையபடி சொன்னாள். நான் கைறுன்னிஸாவைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். பிள்ளை நன்றாக யோசித்து, பெட்டி நிறைய எழுதிவிட்டு, மாற்றாமல் பைலில் வையுங்கள் என்று என்னிடம் நீட்டினாள். 'தடுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தாள்.

உன் ராத்தா,
மஸூதா